பல்லு மாஸ்டர் காட்டாத கடைசி இருபது நிமிஷம்

பேய்க்குப் பல்லுச் சரியாகக் கட்டவில்லையே என்று மனம் வருந்திய மனிதர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் பல்லு மாஸ்டர். மற்றவர்கள் பேயைக் கண்டால் ஓடுவார்கள். மாஸ்டர் கிட்டப் போய் வாயைத் திறக்கச் சொல்லுவார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். பண்டத்தரிப்புச் சந்தியில் அதை யாரும் கேட்டதில்லை. இளமையில் பட்டணத்தில் ஒரு பல் டொக்ரரிடம் உதவியாளராக இருந்து, பொய்ப்பல் கட்டும் வேலையைப் பழகிக்கொண்டு ஊருக்கு வந்தவர். தமக்கை வீட்டு விறாந்தையில் ஒரு மேசை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, அலுமாரி நிறையப் பல்லு. கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "இந்த ஊரிலை உள்ள கிழவியளின்ரை சிரிப்பெல்லாம் என்ரை கையாலை செய்தது. பிறகென்னத்துக்கு எனக்கொரு பொம்பிளை?" என்பார்.

அவருடைய விசர், பைத்தியம் என்றே சொல்லலாம், இங்கிலாந்துக்காரன் ஒரு காலத்தில் வரிசையாக எடுத்துத் தள்ளிய இரத்தக்காட்டேரிப் படங்கள். நடு வயது தாண்டிய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். மலையில் ஒரு கோட்டை. அடிவாரத்தில் ஒரு சாராயக்கடை. அங்கே பிரபுவின் பெயரைச் சொன்னதும் கோப்பையை அப்படியே கீழே வைக்கும் குடிகாரர். பனிப்புகார், குதிரை வண்டி, சிவப்புத் திரைச்சீலை. பிறகு படிக்கட்டின் உச்சியில் கறுப்புப் போர்வையோடு நெட்டையாக அந்தப் பிரபு. பிரயாணம் சுகமா, சாப்பாடு ஆயிற்றா என்றெல்லாம் மரியாதையாக விசாரிப்பார். அதற்குப் பிறகுதான் கழுத்து. இரத்தம் மட்டும் கோவில் திருவிழாவில் விற்கிற சர்பத்தின் நிறத்தில் இருக்கும்.

இந்தப் படங்களை மாஸ்டர் தனியாகப் பார்த்ததில்லை. பல் டொக்ரரின் கடைக்குப் பக்கத்தில் தையற்கடை வைத்திருந்த நானா ஒருவர் அவருடைய உயிர்ச் சிநேகிதர். சோனகத் தெரு முஸ்லிம், அதனால் எங்கள் எல்லாருக்கும் நானா. பட்டணத்தில் ஆங்கிலப் படம் மட்டும் போடுகிற தியேட்டருக்கு இருவரும் இருபது வருஷம் மாட்டினி போயிருக்கிறார்கள். ஒருவர் பல்லைப் பார்க்கப் போகிறார், மற்றவர் உடுப்பைப் பார்க்கப் போகிறார் என்று பகிடி பண்ணுவார்கள். எண்பத்து மூன்றில் சண்டை தொடங்கிய பிறகு பட்டணம் பாழாகித் தியேட்டரும் இடிந்தது. நானா ஆறுதலுக்கு ஒரு கறுப்புப் போர்வை தைத்துக் கொடுத்தார். உள்பக்கம் சிவப்புப் பட்டு. மாஸ்டர் சித்திரை வெயிலிலும் அதைப் போட்டுக்கொண்டு, வியர்வை ஒழுக ஒழுகச் சைக்கிள் ஓடுவார்.

பல் விஷயத்தில் அவர் யாரையும் மன்னிக்க மாட்டார். என்னுடைய வீடியோக்கடையில் படம் ஓடும்போது பிரபு வாயைத் திறந்தால், "நிறுத்து தம்பி, நிறுத்து" என்பார். நான் வீடியோ டெக்கை நிறுத்துவேன். ஈர்க்கோடு ரீவிக்குக் கிட்டப் போய்ப் பாடம் தொடங்குவார்.

"இஞ்சை பார். வேட்டைப்பல்லை இவ்வளவு முன்னுக்குத் தள்ளிக் கட்டினால் மனுசன் எப்பிடிக் கதைக்கிறது? கடிக்க வெளிக்கிட்டால் முதல் தன்ரை சொண்டைத்தான் கடிப்பார். உது அளவெடுக்காமல் கட்டின பல்லு."

பொறுக்க முடியாமல் தன் வாயையே அளவெடுத்துப் பிரபுவுக்கு முறையான ஒரு செற் கட்டி, தகர டப்பா ஒன்றில் போட்டுப் பையில் கொண்டு திரிந்தார். எண்பத்தெட்டாம் ஆண்டு சங்கானை றோட்டில் இந்திய ஆமிக்காரன் ஒருவன் மறித்து டப்பாவைத் திறந்தான். இது என்ன என்று ஹிந்தியில் கேட்டான். மாஸ்டருக்கு ஹிந்தி வராது. செற்றை எடுத்து வாயில் மாட்டிக்கொண்டு சிரித்துக் காட்டினார். நாலு துவக்கு ஒரேயடியாக அவர் பக்கம் திரும்பியதாம். அரை மணித்தியாலம் கழித்து நான் அந்த வழியால் போனபோது மாஸ்டர் மண்மூட்டையில் குந்தியிருந்து, அதிகாரி ஒருவரின் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம், கடைவாய்ப் பல்லிலை பெரிய சொத்தை" என்று எனக்கு விளக்கம் வேறு.

என்னுடைய கடை என்றேனே, அது சந்தியில் இருந்த ஒற்றை அறை. ஒரு டெக், ஒரு ரீவி, கலியாணவீடும், பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையானால் செய்கிற சாமத்தியவீடும் எடுக்கத் தோளில் வைக்கிற பெரிய கமரா ஒன்று, எப்போதும் இருமுகிற ஜெனரேற்றர் ஒன்று. தொண்ணூறில் கரண்டு ஒரேயடியாக நின்றுபோன பிறகு ஞாயிறு மத்தியானச் சாப்பாடு முடிய மாஸ்டரின் பேய்ப்படம் என்பது வழக்கமாயிற்று. ஆளுக்கொரு சோடாப் போத்தலில் கொஞ்ச மண்ணெண்ணெய் கொண்டுவர வேண்டும், அதுதான் ரிக்கற். சன்னலுக்குச் சாக்குக் கட்டி, பட்டப்பகலை அடைத்துவைத்துக்கொண்டு, இருபது பேர் வெந்து கொண்டிருந்து பயப்படுவோம்.

படம் ஆங்கிலம். ஆனால் மாஸ்டர் ரீவிக்குப் பக்கத்தில் கதிரை போட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் சொல்லுவார்.

"பிரபு கேக்கிறார், 'பிள்ளை, உள்ளை வரலாமோ?' அந்தப் பெட்டை சொல்லுறாள், 'ஓம் ஓம், வாங்கோவன், ஏன் வாசலிலை நிக்கிறியள்?' விசரி. கூப்பிட்டிட்டாள். இனி ஆராலையும் ஒண்டும் செய்யேலாது."

குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த மாமி ஒருவர் தவறாமல் வருவார். யாராவது சிலுவையைத் தூக்கிக் காட்டினால் அவர் எழுந்து நின்று நெற்றியில் சிலுவை அடையாளம் போடுவார். அவர் உட்காரும்வரை மாஸ்டர் படத்தை நிறுத்தி வைப்பார். சண்டிலிப்பாயிலிருந்து வரும் தோட்டக்காரர் ஒருவருக்கு உள்ளிப்பூடு விஷயம்தான் விளங்கவே இல்லை. "உள்ளிக்குப் பயந்தவர் எங்கடை வீட்டு ரசத்தை மணந்தாலே சரி. உதுக்கேன் உவ்வளவு கஷ்டப்படுறாங்கள்?" என்று வாராவாரம் கேட்பார்.

ஒருநாள் நான் கேட்டேன்: "மாஸ்டர், எங்கடை ஆக்களின்ரை பேய்ப்படங்கள் கிடக்க, ஏன் உதிலையே விழுந்து கிடக்கிறியள்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உந்தப் பேய்க்கு ஒரு முறை இருக்கு தம்பி. வீட்டுக்காரர் வா எண்டு சொல்லாமல் படி மிதியாது. எங்கடை வீடுகளுக்குள்ளை வந்தவங்கள் ஆரும் ஒருக்காலாவது கேட்டிட்டு வந்தவங்களோ? மற்றது, விடிஞ்சால் உவர் சரி. வெயில் பட்டால் சாம்பல். எங்களுக்கு விடிஞ்சால்தானே குண்டு போடப் பொம்மர் வருது."

எல்லாரும் சிரித்தோம். அன்றுதான் அந்தப் படங்கள் எனக்கும் பிடிக்கத் தொடங்கின. எதற்குப் பயப்பட வேண்டும், எதைப் பிடித்தால் தப்பலாம், எத்தனை மணிக்குப் பயம் முடியும் என்றெல்லாம் ஒழுங்காகச் சொல்லித் தருகிற உலகம் ஒன்று எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் கிடைத்துக்கொண்டிருந்தது.

இனி வருவதை எழுத எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் இயக்கக்காரர் பட்டணத்து முஸ்லிம் சனங்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். மாஸ்டருக்குச் செய்தி பிந்தித்தான் கிடைத்தது. சைக்கிளை மிதித்து மிதித்துச் சோனகத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது நானா வீட்டுக் கதவு திறந்தபடி கிடந்ததாம், உள்ளே ஒருவரும் இல்லையாம். அதற்கு ஒரு கிழமை முன்புதான் நானாவின் மைத்துனர் லண்டனிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கசெற் ஒன்றை எங்களுக்குக் காட்டவென்று மாஸ்டர் இரவல் வாங்கி வந்திருந்தார். இருவரும் எத்தனையோ தரம் தியேட்டரில் பார்த்த படம், இருவருக்கும் உயிரான படம். நானா புத்தளத்துக்கு அகதியாகப் போனார், கசெற் பண்டத்தரிப்பில் நின்றது. நாங்கள் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தது, நானும்தான்.

பல மாதம் கழித்து அந்தக் கசெற்றைப் போடத் தொடங்கிய நாளிலிருந்து மாஸ்டர் ஒரு புதுப் பழக்கம் வைத்திருந்தார். பிரபுவைத் தேடிப் போகிற இருவர் கோட்டைப் படியில் கால் வைக்கிற இடம் வந்ததும் எழுந்து டெக்கை நிறுத்திவிடுவார். "மிச்சத்தை நான் சொல்லுறன்" என்று வாயாலேயே கதையை முடிப்பார். ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு முடிவு. ஒரு கிழமை பிரபு எரிந்து சாவார். மறு கிழமை சன்னலால் விழுந்து சாவார். ஒருமுறை கீரிமலைக் கேணி மாதிரி ஒரு தண்ணீருக்குள் மூழ்கித் தாண்டுபோனார். அந்தக் காலத்தில் கொப்பி அடித்து வருகிற கசெற்றுகளில் பாதிக்கு முடிவே இருக்காது. இதுவும் அப்படித்தான், மிச்சம் வெறும் கசெற் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூற்றிரண்டில் உடுவிலில் ஒரு சாமத்தியவீடு எடுக்கப் போனேன். கனடாவில் இருக்கிற தாய்மாமனுக்கு அனுப்ப வேண்டிய வீடியோ. தண்ணீர் வார்த்து, சோடித்து, ஆராத்தி எடுக்க ஆயத்தமாகும் நேரத்தில் கசெற் முடிந்துவிட்டது. வெறும் கசெற் அப்போது ஊரில் எங்கும் கிடையாது. கடைக்கு ஓடிவந்தேன். மாஸ்டரின் கசெற் மேசையில், அவர் போன ஞாயிறு நிறுத்திய இடத்தில் நின்றது. மேலே எதுவும் பதியாமல் இருக்க, கசெற்றின் முதுகில் உள்ள சின்னப் பிளாஸ்ரிக் துண்டை அவர் உடைத்து வைத்திருந்தார். அந்தத் துவாரத்தில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரை ஒட்டினால் பதியும் என்பது தொழில் தெரிந்த எவனுக்கும் தெரியும். ஒட்டினேன். அரை மணித்தியாலம் முன்னால் ஓட்டிவிட்டுப் பதிந்திருந்தாலும் ஒரு சேதமும் வந்திராது. எனக்கு அவசரம். ஆராத்தியை எடுத்து முடித்து, பிறகு வேறொரு கசெற்றுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, பிளாஸ்ரரை உரித்துக் கசெற்றை இருந்த இடத்தில் வைத்தேன். மாஸ்டரிடம் சொல்லவில்லை.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகொரு ஞாயிறு தோட்டக்காரர் மறுபடி உள்ளிப்பூட்டைப் பற்றிக் கேட்க, மாஸ்டர் திரும்பி அவரோடு வாதாடப் போய், டெக்கை நிறுத்த மறந்துவிட்டார். இருவரும் கோட்டைப் படியில் கால் வைத்தார்கள். அடுத்த கணம் நாதஸ்வரம். கோட்டைக்குள் குத்துவிளக்கோடு மூன்று பொம்பிளைகள் வந்தார்கள்.

"உந்தக் கோட்டைக்குள்ளை சாமத்தியவீடோ நடக்குது?" என்றார் குருநகர் மாமி.

அறையே விழுந்து விழுந்து சிரித்தது. மாஸ்டர் பழக்கதோஷத்தில், "இது வந்து, பிரபுவின்ரை..." என்று தொடங்கினார். எந்தப் படத்திலும் நிற்காத அவருடைய வாய் அதோடு நின்றது. போர்வையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஆராத்தி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்குச் செமிக்கவில்லை.

சனம் போன பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துத் தந்தார். நானா முதல் வருஷம் புத்தளத்திலிருந்து எழுதியது. 'கையிலை கொண்டு வந்ததெல்லாத்தையும் வழியிலை வாங்கிப்போட்டாங்கள். கசெற் உன்னட்டை இருந்ததாலை தப்பிச்சுது. கவனமாய் வை. நான் வந்த பிறகு கடைசிக் கட்டத்தை ரெண்டு பேரும் பக்கத்திலை இருந்து பாப்பம்.'

"அதுதான் தம்பி நான் பாக்காமல் வைச்சிருந்தனான்" என்றார். "அவன் வரட்டும் எண்டு. கவனமாய் வைச்சிருக்கிறன் எண்டு பதிலும் போட்டனான்."

"மாஸ்டர், நான் வெறும் கசெற் எண்டு நினைச்சு..."

"நீ என்ன செய்வாய். நான் சொல்லேல்லைத்தானே."

ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அடுத்த நாளே ஒரு பள்ளிக்கூடக் கொப்பியோடு வந்தார். அழிந்த இருபது நிமிஷத்தையும் ஒன்று விடாமல் எழுதி, கடிதத்தோடு நானாவுக்கு அனுப்பப் போகிறாராம். "கசெற் இல்லை எண்டு வெறுங்கையோடை எப்பிடி எழுதுறது? முதல் இதை முடிப்பம்" என்றார். அவர் சொல்ல நான் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சும்மா இருக்குமா? "போன ஆடியிலை நீங்கள் சொல்லேக்கை பிரபு சன்னலாலைதான் விழுந்தவர்" என்று தோட்டக்காரர் மல்லுக்கட்டினார். கேணிதான் சரி என்று மாமி சத்தியம் பண்ணினார். "அதெல்லாம் உங்களுக்குச் சொன்னது. இது அவனுக்கு" என்று மாஸ்டர் வாயை அடைத்தார். ஒரு படிக்கட்டு இறங்க இரண்டு பக்கம் எடுத்தது. பிரபு வாய் திறக்கிற இடங்களில் பல்லுப் படம் கீறி, பிழைகளைக் குறித்தார். மனத்துக்குச் சரிவராத பக்கங்களைக் கிழித்துப்போட்டு மறுபடி தொடங்குவார். முக்கியமாகக் கடைசிப் பக்கம். அதை எத்தனை தரம் கிழித்தார் என்று எனக்கே தெரியாது. கடைசியில் அதைத் தன் கையாலேயே எழுதப் போகிறேன் என்று கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

இதற்கிடையில் நானாவிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது, 'ஏன் இப்ப கடிதம் இல்லை' என்று. பிறகு மூன்றாவதும் வந்தது. "எழுதுங்கோவன் மாஸ்டர்" என்று நான் கெஞ்சுவேன். கசெற் சுகமாக இருக்கிறது என்று பொய் எழுத அவருக்கு வராது. இல்லை என்று எழுதவும் மனம் வராது. "முடியட்டும், முடியட்டும்" என்பார். அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. என்னுடைய ஒரு சாமத்தியவீட்டால் இரண்டு கிழவர்களின் கதை பேச்சு நின்றுபோனது.

தொண்ணூற்று நான்கு மார்கழியில் நெஞ்சுச் சளி வந்து, நாலு நாள் படுத்து, மாஸ்டர் போய்விட்டார். எட்டாம் நாள் எட்டுச் சிலவுச் சடங்கு முடிய அவருடைய தமக்கை கொப்பியை என்னிடம் தந்தார். முன் மட்டையில் நானாவின் புத்தள முகவரி மட்டும் எழுதியிருந்தது.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்தபோது கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்புக்குப் புறப்பட்டேன். வவுனியாவிலிருந்து நேரே புத்தளம் போனேன். அகதி முகாமில் கிடுகுக் கொட்டில் ஒன்றின் வாசலில் தையல் மெசினோடு நானா இருந்தார். பண்டத்தரிப்பு என்று சொன்னதும் மெசினை நிறுத்தினார்.

"பல்லன் எப்பிடி இருக்கிறான்?"

சொன்னேன். கனநேரம் மெசினின் சில்லைக் கையால் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"என்னோடை என்ன கோபம் அவனுக்கு? கடைசி ரெண்டு கடிதத்துக்கும் பதிலே இல்லை."

கசெற்றைப் பற்றி ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அடிப்பார் என்றுகூட நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"கசெற்றுக்காகவோ?" என்றார். "அட விசரா. தம்பி, ஒருத்தருக்கும் சொல்லாத கதை ஒண்டு சொல்லட்டோ? அந்தப் படத்தின்ரை கடைசியை நான் ஒருநாளும் பாக்கேல்லை. தியேட்டரிலை அவங்கள் படியிலை கால் வைச்ச உடனை கண்ணை மூடிடுவன். எனக்குப் பயம். எனக்கு இங்கிலீசு விளங்காதெண்டு அவன் காதுக்குள்ளை சொல்லிக்கொண்டிருப்பான். அதைக் கேக்கத்தான் நான் போறனான். நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது அவனுக்குத் தெரியாது. ஆம்பிளை பயந்தான் எண்டு சொல்ல வெக்கம்."

கொப்பியை நீட்டினேன். கண்ணாடி வழியில் பறிபோன பிறகு சின்ன எழுத்துத் தெரிவதில்லை, நீயே வாசி என்றார். நான் வாசிக்கத் தொடங்கினேன். இருவரும் கோட்டைப் படியில் கால் வைத்தார்கள். நானா கண்ணை மூடிக்கொண்டார்.

பிரபு சாம்பலாகிற இடம் முடிந்த பிறகு, கடைசிப் பக்கத்தில் மாஸ்டரின் கையெழுத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. யார் யாருக்குச் சொல்கிற வரி என்று விளங்காமல் முன்பு நான் அதைப் பொருட்படுத்தியதில்லை. அதையும் வாசித்தேன்.

"முடிஞ்சுது மச்சான். இனிக் கண்ணைத் திற."

நானா திறக்கவில்லை. "கள்ளன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொருக்கால் வாசி தம்பி, மெல்ல வாசி" என்றார்.